தலையில் தொப்பி இல்லாதவன்

மார்ச் 9

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம். நீ நலமா என்று கேட்க மனம் வரவில்லை. கடிதம் என்றால் கேட்டாக வேண்டுமே, கேட்டுவிட்டேன்.

போனில் பேசலாம்தான். பேசினால் நீ சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய். எழுதி அனுப்பினால் காதைப் பொத்திக்கொள்ள முடியாது. படி.

சின்னவனை அடக்கம் செய்து மூன்று வாரம் ஆகிறது. கடையில் இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தாலே எனக்கு அதே காட்சிதான். மூடின பெட்டி, அதன் மேல் கொடி, கொடியின் மேல் தொப்பியும் பெல்ட்டும். பிகில் ஊதினார்கள். கூட வந்த சிப்பாய்கள் எல்லோரும் சல்யூட் அடித்தார்கள். மேஜர் அடித்தார். நம் தெரு பேங்க் வாட்ச்மேன் இருக்கிறானே, குப்பைத்தொட்டித் தகராறுக்குப் பிறகு நம்மோடு பேச்சே இல்லாதவன், அவன்கூட வேலையை விட்டு ஓடி வந்து நெஞ்சை நிமிர்த்தி சல்யூட் அடித்தான். கூடப்பிறந்தவன் நீ. கட்டம் போட்ட சட்டையில், வெறுந்தலையோடு, இரண்டு கையையும் தொடையில் ஒட்டவைத்துக்கொண்டு மரம் மாதிரி நின்றாய்.

பின்னால் நின்ற பெண்கள் பேசியது உன் காதில் விழுந்ததா? "செத்த தம்பிக்காக ஒரு கை தூக்க வலிக்குது பாரு" என்றார்கள். எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. அம்மா இல்லாத வீட்டில் உங்கள் இரண்டு பேரையும் இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். இதைப் பார்க்கவா வளர்த்தேன்?

பதில் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன், கோபம் தணிந்தால்.

அக்கா

மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நலம். உன் நலமும் அப்பாவின் கால் வீக்கமும் அறிய ஆவல்.

கடிதம் கிடைத்தது. யூனிபார்ம் இல்லாமல் சல்யூட் கிடையாது. யூனிபார்ம் இருந்தாலும் தலையில் தொப்பி இல்லாவிட்டால் கிடையாது. குதிகாலைச் சேர்த்து விறைப்பாக நிற்க வேண்டும். நின்றேன். எங்கள் பட்டாளத்தில் அதுதான் மரியாதை.

இந்தச் சட்டத்தை நான் போடவில்லை. இதே ரெஜிமென்ட்டில் அப்பா இருபது வருஷம் இருந்தார். சின்ன வயதில் அவர் லீவில் வரும்போது நாம் மூன்று பேரும் வாசலில் வரிசையாக நின்று சல்யூட் அடிப்போம். ஆளுக்கு ஒரு குட்டு விழும். "தலைல தொப்பி இல்லாம கையத் தூக்காதீங்கடா. அது சல்யூட் இல்ல, ஈ ஓட்டுறது" என்பார். சின்னவன் பெட்டிக்கு முன்னால் நின்று என்னை ஈ ஓட்டச் சொல்கிறாயா?

வாட்ச்மேன் போட்டிருந்தது அவன் உடுப்பு, அவன் தொப்பி. அவன் அடிக்கலாம். பேசுகிறவர்களுக்குச் சட்டம் தெரியாது. உனக்குத் தெரியும்.

அப்பாவை உப்பைக் குறைக்கச் சொல்.

உன் தம்பி

ஏப்ரல் 6

தம்பிக்கு,

நலம். அப்பாவின் காலும் நலம், வாய்தான் நலமில்லை. சாப்பாட்டு நேரத்தில்கூடப் பேசுவதில்லை.

ஈ ஓட்டுகிற கதையை எனக்கே சொல்லித் தருகிறாயா? அந்தக் குட்டு என் தலையிலும்தான் விழுந்தது. உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் சொன்னார். "கை தூக்காதது சரி. தொப்பி இல்லாம ஏன் வந்தான்? அதக் கேளு."

கேட்கிறேன். லீவில் வரும்போது உன் அணிவகுப்பு யூனிபார்மைக் கொண்டு வா, தோள்பட்டைத் தையலைப் பிரித்துச் சரி பண்ணித் தருகிறேன் என்று நான் எழுதியிருந்தேன். பையில் வைத்துவிட்டேன், தொப்பியும் சேர்த்துத்தான் என்று நீயும் எழுதினாய். வரும் வழியில்தானே சின்னவன் செய்தி கிடைத்து, பெட்டியோடு சேர்ந்து வந்தாய்? உன் பையைப் பிரித்தவள் நான். இரண்டு சட்டை, ஒரு துண்டு, சவரப் பெட்டி. யூனிபார்ம் எங்கே? தொப்பி எங்கே?

அது என்ன, கடையில் தொங்குகிற தொப்பியா? தெருவே மண்டையன் என்று கூப்பிட்ட தலை உன் தலை. ரெஜிமென்ட்டில் இருக்கிற எந்தத் தொப்பியும் ஏறாமல், அளவெடுத்துத் தனியாகத் தைத்தார்கள் என்று ஒரு லீவு முழுக்கப் பெருமை அடித்தாயே. தலை பெரிதாக இருந்து என்ன செய்வது? உள்ளே ஏதாவது இருக்க வேண்டும்.

சின்னவனின் தொப்பியை அப்பா கண்ணாடி அலமாரியில் மேல்தட்டில் வைத்திருக்கிறார். தூசி துடைக்கப் போனேன். "கை வெக்காத" என்றார். அவரும் அதைத் தொடுவதில்லை. கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார், அவ்வளவுதான்.

மழுப்பாமல் எழுது.

அக்கா

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னிக்கவும். இங்கே வேலை அதிகம், தபால் வண்டியும் ஒழுங்காக வருவதில்லை.

யூனிபார்மும் தொப்பியும் ரயிலில் தொலைந்துவிட்டன. அவ்வளவுதான் விஷயம்.

இனி இதைப் பற்றி எழுதாதே அக்கா. நீ ஒவ்வொரு கடிதத்திலும் பெட்டிமேல் தொப்பி, பெட்டிமேல் தொப்பி என்று எழுதுகிறாய். அதைப் படித்துவிட்டு நான் இங்கே காலையில் எழுந்து வேலைக்குப் போய் நிற்க வேண்டும். அவன் உனக்கு மட்டும் தம்பி இல்லை.

அப்பாவுக்குக் கண் பரிசோதனை செய்தாயா? உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? கடையில் அந்தப் பெரிய மிஷினை நீயே நகர்த்தாதே.

உன் தம்பி

ஜூன் 2

தம்பிக்கு,

என் இடுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தொலைந்துவிட்டதா! குடை தொலையும், செருப்பு தொலையும். பட்டாளத்துக்காரனுக்குத் தொப்பி தொலையுமா? தம்பி செத்த செய்தி வந்த அன்றா தொலையும்? பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய். அதுவும் உன் தலையளவு பூசணிக்காய்.

இதையும் கேள். ரொட்டிக்கடைக்காரர் மகன் உன் முகாமில்தானே லாரி ஓட்டுகிறான்? லீவில் வந்தவன் கடையில் துணி போடும்போது வாய்விட்டுச் சொல்லிவிட்டான். உன் சட்டைக் கையில் இருந்த பட்டையில் ஒன்றைப் பிடுங்கிவிட்டார்களாம். யாரையோ கைநீட்டி அடித்தாயாம். எப்போது என்று கேட்டேன். சின்னவன் போன சமயத்தில் என்றான். கூடப்பிறந்தவன் பெட்டியில் கிடக்கும்போது உனக்கு என்ன சண்டை? குடித்திருந்தாயா? குடித்துவிட்டுத்தான் தொப்பியை எங்கேயோ போட்டாயா?

நான் அப்பாவிடம் சொல்லவில்லை. ரொட்டிக்கடைக்காரரே சொல்லிவிட்டார்.

நவம்பரில் ரெஜிமென்ட்டிலிருந்து வந்து பூங்காச் சுவரில் சின்னவன் பெயர் பொறித்த கல்லைத் திறந்து வைக்கப் போகிறார்கள். குடும்பத்தில் பட்டாளத்தில் இருக்கிறவர்கள் யூனிபார்மில் வந்து நிற்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அப்பா என்ன சொன்னார் என்று அப்படியே எழுதுகிறேன். "தொப்பியத் தொலைச்சவன் கல்லுக்கு முன்னால நிக்க வேண்டாம். வந்தா நான் எழுந்து வீட்டுக்குப் போயிடுவேன்." அவர் சொன்னால் செய்வார். உனக்குத் தெரியும்.

எனக்கும் நீ வர வேண்டாம் என்றுதான் இருக்கிறது. அழுதுகொண்டே எழுதுகிறேன் என்று நினைக்காதே. அழுகை எல்லாம் தீர்ந்துவிட்டது, கோபம்தான் மிச்சம்.

அக்கா

ஜூலை 30

அக்காவுக்கு,

நலம். கல் திறப்புக்கு வரவில்லை. அப்பாவைத் தொந்தரவு செய்ய வேண்டாம். நான் குடிக்கவில்லை.

தம்பி

செப்டம்பர் 14

டேய் மண்டையா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. இதற்குப் பதிலை வீட்டு முகவரிக்கு அனுப்பாதே. கடைக்கு அனுப்பு. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

சின்னவனின் டிரங்குப் பெட்டி நேற்று வந்தது. மலைமேல் இருக்கிற காவல் சாவடிக்குப் போகும் முன்னால் அவன் சாமான்களை எல்லாம் கீழ் முகாமில் பூட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். இத்தனை மாதம் கழித்து இப்போதுதான் அனுப்பியிருக்கிறார்கள். அப்பா ஆணி வைத்து நெம்பிப் பூட்டைத் திறந்தார். மேலே கம்பளிப் போர்வை. அதன் அடியில் அவனுடைய அணிவகுப்பு யூனிபார்ம், மடிப்புக் கலையாமல். காலர் தையல் என் தையல். அதன் அடியில், காகிதத்தில் சுற்றி, ஒரு தொப்பி. உள்பட்டையில் அவன் எண், அந்தக் கோணல் எழுத்தில்.

அப்பா நிமிர்ந்து அலமாரியைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"ஒருத்தனுக்கு எத்தன தொப்பிப்பா குடுப்பாங்க?" என்றேன்.

"ஒண்ணுதான்."

பிறகு அவரே நாற்காலியில் ஏறினார். ஏழு மாதமாக யாரும் தொடாத தொப்பியை எடுத்தார். உள்ளே பார்க்கவில்லை. நேராகத் தன் தலையில் வைத்தார். புருவம் மறைந்து, காதில் போய் உட்கார்ந்தது. மூக்கு மட்டும் தெரிந்தது. பாவி, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே "மண்டையன்" என்றேன். அதற்குமேல் சிரிக்க முடியவில்லை. அப்பா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். வாளி நிரம்பி வழிந்து தண்ணீர் கூடம் வரைக்கும் வந்தது. அவர் வெளியே வரவில்லை.

உனக்கு வாய் இல்லையா? ஏழு மாதம் உன்னைக் கரித்துக் கொட்டினேனே! குடிகாரன் என்று எழுதினேன். வர வேண்டாம் என்று எழுதினேன். நீ கல்லுளிமங்கன் மாதிரி வாங்கிக்கொண்டு, என் இடுப்பு வலியை விசாரிக்கிறாய். உன்னை அடிக்க வேண்டும். நேரில் வந்தால் அடிப்பேன், இஸ்திரிக் கட்டையை எடுத்துக்கொண்டு. பெரிய தியாகி! யார் உன்னைத் தியாகம் பண்ணச் சொன்னது?

இப்போது கடைசி விஷயம். வண்டி பள்ளத்தில் உருண்டது, அந்த நிமிஷமே போய்விட்டான், முகம் தூங்குகிற மாதிரி இருந்தது என்றாய். உருண்ட வண்டியில் இருந்தவனுக்கு, போட்டிருந்த உடுப்பைத் துவைத்துப் போட முடியாதா? பெட்டியை ஏன் ஆணி அடித்து மூடினார்கள்? நான் சலவைக் கடைக்காரி. எந்தத் துணி எதனால் திரும்பி வராது என்று எனக்குத் தெரியும். தீ என்று நீ எழுத வேண்டாம். மற்றதை எழுது. அப்பா கண்ணில் பட வேண்டாம், அதனால்தான் கடைக்கு அனுப்பச் சொன்னேன்.

அக்கா

செப்டம்பர் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்.

செய்தி கிடைத்ததும் பாதி வழியில் திரும்பினேன். எங்கள் முகாம் ஆஸ்பத்திரியில்தான் பெட்டியைத் தயார் செய்தார்கள். உள்ளே அணிவகுப்பு யூனிபார்ம் வைக்க வேண்டும், மேலே தொப்பியும் பெல்ட்டும் வைக்க வேண்டும். அது வழக்கம். அவனுடையது வேறு முகாமில் பூட்டிக் கிடந்தது. வேறு உடுப்பு கேட்டு ஸ்டோருக்குப் போனேன். கையெழுத்துப் போடுகிற அதிகாரி திங்கட்கிழமைதான் வருவார் என்றான் ஸ்டோர்காரன். இன்றைக்கே ரயில், எங்கள் அப்பா காத்திருப்பார் என்றேன். சுவிங்கம் மென்றுகொண்டே சொன்னான்: "போனவருக்கு என்னங்க அவசரம்?"

அடித்தேன். பட்டை அதற்குத்தான் போயிற்று. இன்னொரு பட்டை இருந்தால் அதற்கும் சேர்த்து அடித்திருப்பேன். நினைத்தால் இப்போதும் கை துடிக்கிறது.

பிறகு என் பையைத் திறந்தேன். நீ சரி பண்ணித் தருவதாகச் சொன்ன தோள்பட்டைத் தையலோடு என் யூனிபார்மை அப்படியே அவனுக்கு வைத்தேன். தொப்பியை மேலே வைத்தேன். ரயிலில் வந்த சட்டையோடு நான் நின்றேன். மற்றவர்கள் தொப்பி என் தலையில் ஏறாது, உனக்கே தெரியும். யூனிபார்ம் புதிதாகக் கிடைத்துவிட்டது. தொப்பிக்கும் எழுதிக் கொடுத்தேன். அதே ஸ்டோர்காரன்தான். உங்கள் அளவு இல்லை என்கிறான், இன்றுவரை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். மேஜர் அந்தத் தொப்பியை எடுத்து அப்பாவிடம் கொடுத்தார். அப்பா அதை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு கன்னத்தால் தடவினார். அது சின்னவனுடையது இல்லை அப்பா என்று அந்த இடத்தில் எந்த வாயால் சொல்வேன்? அன்றைக்குச் சொல்லாததை அப்புறம் எந்தக் கடிதத்தில் சொல்வேன்? அவன் நினைவாக அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். நீங்கள் என்னைத் திட்டினால் திட்டிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டேன். ஆனால் குடித்தாயா என்று கேட்டாயே அக்கா, அதை மறக்க எனக்குக் கொஞ்ச நாள் ஆகும்.

எழுத வேண்டாம் என்று அந்த ஒன்றை மட்டும் விட்டாயே, அதற்கு நன்றி. அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.

உன் தம்பி

அக்டோபர் 8

மகனுக்கு,

அப்பா எழுதுவது. நலம். கால் வீக்கம் குறைந்திருக்கிறது. கடைக்கு நீ எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டேன்.

நவம்பரில் கல் திறக்கிறார்கள். வர வேண்டும். யூனிபார்ம் கொண்டு வா. தொப்பி இங்கே இருக்கிறது. அக்கா ஆவி காட்டி வடிவத்துக்குக் கொண்டுவந்திருக்கிறாள்.

ஒரு பட்டை குறைந்ததற்கு வெட்கப்பட வேண்டாம். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் எனக்கும் குறைந்திருக்கும்.

பெட்டியை ஏன் மூடினார்கள் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். நான் எத்தனை பெட்டிக்குக் காவல் போயிருக்கிறேன். தெரியாதவன்போல இருந்தேன், உன் அக்காவுக்காக. நீங்கள் இருவரும் எனக்காக அப்படி இருந்தது இப்போது புரிகிறது. கெட்டிக்காரக் குடும்பம்.

தொப்பியை ஏன் கொண்டுவரவில்லை என்று உன்னிடம் நேராகக் கேட்காதது என் தப்பு. பத்து நிமிஷப் பேச்சு. கோபத்தில் கேட்கவில்லை.

அப்பா

நவம்பர் 22

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம். நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? குளிருக்கு அந்தக் கம்பளிப் போர்வையைப் போர்த்திக்கொள், பெட்டியில் பூட்டி வைக்காதே. சின்னவனும் அப்படித்தான் செய்தான்.

இஸ்திரிக் கட்டையால் அடிப்பேன் என்று எழுதியிருந்தேன். நீ வாசலில் வந்து நின்றதும் அடிக்கத் தோன்றவில்லை. கடன் அப்படியே இருக்கிறது, அடுத்த லீவில் வாங்கிக்கொள்.

கல்லுக்கு முன்னால் நீ தொப்பியோடு சல்யூட் அடித்தாயே, அப்போது உன் பக்கத்தில் அப்பா வெறுந்தலையோடு, கையை இறக்கி, விறைப்பாக நின்றார். பின்னால் அதே வாய்கள். "பெத்தவரு கை தூக்கலையே" என்றார்கள். நீ அசையக் கூடாது, அதனால் திரும்பிப் பார்த்திருக்க மாட்டாய். நான் திரும்பினேன். தொப்பி இல்லாதவர் ஏன் கை தூக்கக் கூடாது என்று, பூங்காவில் இருந்த காக்கையெல்லாம் பறக்கிற சத்தத்தில் சொல்லிக் கொடுத்தேன். இனி இந்தத் தெருவில் யாருக்கும் அந்தச் சந்தேகம் வராது.

நீ பார்க்காத இன்னொன்றையும் எழுத வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதமே.

ரயில் நகர்ந்ததும் நீ உள்ளே போய்விட்டாய். அப்பா உன்னோடு மூன்று நாளும் சரியாகப் பேசவில்லை என்று உனக்கு வருத்தம் இருந்திருக்கும். "சாப்டியா", "கதவச் சாத்து", அவ்வளவுதானே பேசினார். போகலாமா அப்பா என்று திரும்பினேன். அவர் நகரவில்லை. பழைய வெள்ளைச் சட்டை, வழுக்கைத் தலை, வீங்கின காலில் செருப்பு. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். குதிகால் இரண்டையும் சேர்த்தார். கையைத் தூக்கினார். சுமை தூக்குகிறவர்கள் நின்று பார்த்தார்கள். கடைசிப் பெட்டி வளைவில் மறைகிறவரைக்கும் அந்தக் கை இறங்கவில்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவும் எந்தச் சட்டத்துக்காக? யாருக்காக நாம் ஒருத்தரோடு ஒருத்தர் பேசாமல் கிடந்தோம்? வாய்விட்டே கேட்டேன். "என்னப்பா இது? தலைல தொப்பிகூட இல்ல!"

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "சல்யூட் இல்லம்மா. ஈ ஓட்டினேன்."

பிளாட்பாரத்தில் ஒரு ஈ கூட இல்லை, தம்பி.

பதில் போடு. வீட்டு முகவரிக்கே போடு.

அக்கா